கண்ணாடிப் பாய்

பத்தமடை என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த பேச்சு பாயைப் பற்றித்தான். கல்லூரியில், கூட்டங்களில், ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம், எங்கே சொன்னாலும் இதே கதைதான். பட்டு மாதிரி மடிக்கலாமாமே என்பார்கள். 1953-ல் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டுக்கு எங்கள் ஊர்ப் பாய் போனதை ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். சிவானந்த சுவாமி 1887-ல் பிறந்த ஊர் என்பது இன்னொரு பெருமை. இரண்டு பெருமையிலும் எங்கள் தெரு வராது. பாய் நெய்கிறவர்கள் லெப்பைமார் வீட்டுப் பெண்கள். விடிய விடிய குனிந்து இடுப்பொடிந்த அவர்களுக்குக் கிடைத்த கூலியும் ஒன்றும் பெரிசில்லை. எங்கள் தெருவுக்கு இருந்த சம்பந்தம் ஆற்றங்கரையில் கோரை அறுத்துக் கட்டிச் சுமந்ததுதான். எங்க அம்மாச்சியின் விரல் இடுக்கில் கோரை கீறிய தழும்பு அவள் சாகிறவரைக்கும் இருந்தது.

நான் எழுத வந்தது அந்தப் பாயைப் பற்றி இல்லை. இன்னொரு பாய் இருக்கிறது. கண்ணாடியை உருக்கி முடியைவிட மெல்லிசாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, குறுக்கும் நெடுக்கும் தூவி அழுத்தின பாய். வெள்ளை வெளேரென்று சுருளாக வரும். தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கும். பட்டறையில் இதுக்குப் பெயர் 'மேட்'. மேட் என்றால் பாய்தானே! பத்தமடைக்காரனுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. தொட்ட பிறகு வரவில்லை.

2011 கோடையில் எம்.ஏ. தமிழ் முதல் வருஷம் முடிந்திருந்தது. அடுத்த வருஷப் பரீட்சைக் கட்டணம், பஸ் காசு, கடைசித் தங்கச்சியின் பள்ளிக்கூடச் செலவு என்று வீட்டில் கணக்கு ஓடியது. எங்கள் தெருக்காரர் ஒருவர் மூலமாக வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கார்ப் பட்டறையில் சேர்ந்தேன். நாள் கூலி 150 ரூபாய். "படிச்ச பையன், பில்லு எழுதச் சொல்லுவாங்க" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். பட்டறை அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி எந்தூரு?"

"பத்தமடை."

"பத்தமடைல எங்கன?"

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம், அண்ணாச்சி."

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். "சரி, பின்னால பைபர் செட்டுக்குப் போ" என்றார். பில் புத்தகம் அவர் மேசையிலேயே கிடந்தது.

பட்டறை எப்படி இருந்தது என்று சொன்னால்தான் அந்த 'பின்னால' புரியும். முன்பக்கம் மின்விசிறிக்குக் கீழே இஞ்சின் வேலை. அடுத்தது எலக்ட்ரீஷியன். அதுக்குப் பின்னால் டிங்கர், பெயிண்டர், குஷன் வேலைக்காரர். எல்லாருக்கும் பின்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, மேலே தகரம் மட்டும் போட்ட ஒரு சாய்ப்பு. அதுதான் பைபர் செட். காற்றுப்போக்குக்காக அங்கே வைத்ததாகச் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த நாற்றத்தை உள்ளே வைக்க முடியாது. ஆனால் அங்கே வேலை செய்த நாலு பேரும் நாலு ஊர்ச் சேரியிலிருந்து வந்தவர்கள் என்பதுக்குக் காற்றுப்போக்கு என்ன காரணம் சொல்லும்? நாங்கள் நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தக்காரர் கிடையாது. ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் வரவும் இல்லை. நாலு பேரும் தனித்தனியாக முன்வாசலில் வந்து நின்று, தெருப் பெயரைச் சொல்லி, பின்பக்கம் அனுப்பப்பட்டவர்கள்.

யோசித்துப் பாருங்கள். கண்ணாடி நார் 1930-களில் அமெரிக்காவில் தொழிலாக வந்தது. எந்த ஸ்மிருதியிலும் அது கிடையாது. தோலுக்கு ஒரு சாதி, துணிக்கு ஒரு சாதி, இரும்புக்கு ஒரு சாதி என்று பங்கு போட்டவர்களின் பட்டியலில் இந்தச் சாமானே இல்லை. அப்பன் பாட்டன் யாரும் இதைச் செய்ததில்லை. யாரும் இதை என் குலத்தொழில் என்று சொல்ல முடியாது. நியாயமாகப் பார்த்தால் சாதி இல்லாத தொழில். திருநெல்வேலிக்கு வந்து சேர்வதற்குள் அதுக்கும் சாதி வந்துவிட்டது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவருக்குக் கீழ் ஒருவராகப் பிரித்துவைக்கிறது என்று அம்பேத்கர் 1936-ல் எழுதினார். நான் அதைப் புத்தகத்தில் படித்தது பிறகு. முதலில் பார்த்தது இந்தச் சாய்ப்பில்தான்.

சாய்ப்பில் மூத்தவர் ஒருத்தர் இருந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயசு இருக்கும். எல்லாருக்கும் அவர் 'பைபர் அண்ணன்'. தூத்துக்குடியில் படகு வேலையில் பழகி வந்தவர். எட்டாம் வகுப்பு. அவர் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த மே மாதம் ஒரு கார் வந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு, கூரை கழற்றினது. சேரன்மாதேவிப் பக்கம் ஒரு பெரிய வீட்டு வண்டி. அந்த வீட்டில் அதை 'ஸ்போர்ட்ஸ் கார்' என்றுதான் சொன்னார்கள். சும்மா சொல்லவில்லை. ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் கம்பெனி கொண்டுவந்த வண்டி. அதன் வடிவம் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி போட்டது. அதன் அடிச்சட்டத்தையே சுருக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு ஆள் ஸ்போர்ட்ஸ் காரை அங்கே விட்டார்கள். ஹெரால்டை 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி கட்டியது. ஸ்பிட்ஃபயர் இங்கே கட்டப்படவில்லை. அதனால் இங்கே ஆசை உள்ள பணக்காரர்கள் ஹெரால்டின் கூரையைக் கழற்றி ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள். கழற்றுவதும் லேசு. அந்த வண்டி முழுக்கத் துண்டு துண்டாக போல்ட் போட்டுச் சேர்த்தது. கூரை தனி, பின்பக்கம் தனி, முன்பக்கம் முழுசும் ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அக்கிரகாரச் சந்தில்கூட ஒடித்துத் திருப்பலாம்.

அந்தக் கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை விட்டுப் பார்த்து, ஓடாமல், 1988-ல் மூடிவிட்டது. அதோடு உதிரிச் சாமானும் போயிற்று. வந்த வண்டியின் முன் பம்பர் இடது பக்கம் துருவில் கரைந்து, கையால் அமுக்கினால் முறுக்கு மாதிரி நொறுங்கியது. வலது பாதி மட்டும் உருப்படி. வீட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வேண்டும். இரும்பில் புதுசாக வளைத்து, குரோமியம் பூசி வாங்க நாளும் இல்லை, அவ்வளவு செலவு பண்ண மனசும் இல்லை. "பைபர்ல அடிச்சுருவோம், வெள்ளிக் கலர் பூசினா யாருக்குத் தெரியப்போவுது" என்று அண்ணாச்சி 9,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார்.

பாதிப் பம்பரை வைத்துக்கொண்டு முழுப் பம்பருக்கு அச்சு எடுப்பது எப்படி? பைபர் அண்ணன் வலது பாதியின் மேல் அட்டையை வைத்து, மூணு விரல்கடைக்கு ஒரு தடவை வளைவை வெட்டி எடுத்தார். பதினோரு அட்டை. ஒவ்வொன்றுக்கும் நம்பர். பிறகு எல்லா அட்டையையும் திருப்பிப் போட்டார். வலது இடதாயிற்று. அந்த அட்டைகளை மரச் சட்டத்தில் நிறுத்தி, நடுவே பிளாஸ்டர் ஆப் பாரிஸ் கொட்டி, காய்ந்ததும் தேய்த்து, இல்லாத பாதியை இருக்கிற பாதியிலிருந்து உண்டாக்கினார். எட்டாம் வகுப்பு படித்தவர். பின்பு ஒருநாள் ஒரு கூட்டத்தில் கைவினையைப் பற்றிப் பேசின ஒரு பேராசிரியர், பாரம்பரிய அறிவு நம் சாதிகளுக்குள்ளே காப்பாற்றப்பட்டு வந்தது என்றார். எனக்கு அந்தப் பதினோரு அட்டைதான் ஞாபகம் வந்தது. அதை அவருக்கு எந்தச் சாதியும் கற்றுத்தரவில்லை.

அச்சுக்கு மெழுகு நாலு தடவை பூசி ஒவ்வொரு தடவையும் பளபளக்கத் துடைக்க வேண்டும். ஒரு இடம் விட்டுப்போனால் வேலை அச்சோடு ஒட்டிக்கொண்டு, உடைத்துத்தான் எடுக்கணும். அதன்மேல் ஜெல்கோட். அதுதான் வெளியே தெரியப்போகிற தோல். அது எப்போது பதம் என்பதுக்கு அண்ணன் சொன்ன அளவு: "விரலு ஒட்டணும், ஆனா விரல்ல ஒட்டி வரப்படாது." இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

பிறகு மேட். நான் கத்திரிக்கோலை எடுத்தேன்.

"ஏலே, கத்திரிக்காத. பிய்யி. வெட்டுன விளிம்பு கோடு விழும். பிச்ச விளிம்புதான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேரும்."

ரெசினில் கேட்டலிஸ்டை நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பங்கு ஊற்றிக் கலக்கினால் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். நெல்லை வெயிலில் கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். பிரஷ்ஷை இழுக்கக் கூடாது, குத்தணும். இழுத்தால் நார் கலைந்துவிடும். குத்தக் குத்த வெள்ளைப் பாய் கண் முன்னால் நிறம் செத்துக் கண்ணாடியாகும். வெள்ளையாக எங்கே நிற்கிறதோ அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம். சின்ன உருளையை ஓட்டி அந்தக் காற்றை விரட்டணும். பம்பர் முனை மடங்குகிற இடத்தில்தான் காற்று ஒளியும். மூணு அடுக்கு. வண்டியோடு பிடிக்கிற இடங்களில் இரும்புப் பட்டையை உள்ளே வைத்து மேலே இன்னும் ரெண்டு அடுக்கு. இல்லாவிட்டால் போல்ட் முறுக்கும்போது பைபர் நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். இறுகும்போது சூடு கிளம்பும். டப்பாவில் மிச்சம் வைத்த ரெசின் புகைந்து கொதிக்கிறதைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

கடைசி அடுக்கில் அண்ணன் ஒரு காரியம் செய்வார். மெல்லிசான காகிதத் துண்டில் தேதி எழுதி, உள்பக்கம் யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்து ரெசின் பூசிவிடுவார். காகிதம் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். "தமிழ் படிக்கவந்தானே, நல்ல கையெழுத்துல எழுதுலே" என்றார். எங்கள் ரெண்டு பேர் பெயர், ஊர், 17.5.2011 என்று எழுதிக் கொடுத்தேன்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. அரிப்பைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். காய்ந்த பம்பரின் ஓரத்தைக் கிரைண்டரால் அறுக்கும்போது கிளம்புகிற தூசி கண்ணாடித் தூசி. கழுத்து மடிப்பு, முழங்கை உள்பக்கம், இடுப்புக் கயிறு கட்டின இடம், எங்கே வியர்வையோ அங்கே ஊசியாக இறங்கும். சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். சுடுதண்ணியில் குளிக்கக் கூடாது, தோல் விரிந்து நார் உள்ளே போய்விடும். பச்சைத் தண்ணிதான். நான் ராத்திரி எட்டு மணிக்குப் பாபநாசம் பஸ்ஸில் வந்திறங்கி நேரே வாய்க்காலுக்குப் போவேன். கன்னடியன் வாய்க்கால் தண்ணிக்கு நான் ஏதாவது கடன்பட்டிருந்தால் அது அந்த ரெண்டு மாசத்துக்குத்தான். அப்படியும் அம்மை துவைத்த என் சட்டையால் தங்கச்சிக்கு அரித்தது. என் துணியைத் தனியாக ஊறப்போடச் சொன்னேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே எனக்கு ஒரு தனிச் சட்டி!

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்து எழுந்து போவார். அது ரெசின் நாற்றத்துக்கா, வேறு எதுக்குமா என்று யோசிப்பேன். இந்த நாட்டில் எங்களுக்கு இப்படி ஒரு சந்தேகம் ஆயுசுக்கும் உண்டு. மற்றவர்களுக்கு நாற்றம் நாற்றம் மட்டும்தான்.

ஒருநாள் பெயிண்டர் பையன் லீவு. அவனுக்குப் பதிலாக எங்களில் ஒருத்தனைப் பெயிண்டுக்கு விடச் சொல்லி அண்ணன் கேட்டார். கேட்டதோடு, "பைபர்ல வேணா அவங்கள்ல ஒராள் வந்து நிக்கட்டும், அண்ணாச்சி, மாத்தி மாத்திச் செய்யலாம்லா" என்றார். அண்ணாச்சி சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. கூலி நிறுத்தினதில்லை, தீபாவளிக்குத் துணி எடுப்பார் என்பார்கள். "அவங்களுக்கு இது ஒத்துக்காதுடே. ஒங்க ஒடம்பு தாங்கும்" என்றார்.

இந்த 'ஒங்க ஒடம்பு தாங்கும்' என்ற பேச்சை நான் அதுக்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன். சித்திரை வெயிலில் அறுப்புக்கு நிற்கிறவளுக்கு அந்த உடம்பு. சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்கு அந்த உடம்பு. மாஞ்சோலையில் அட்டைக் கடியோடு தேயிலை பறித்தவர்களுக்கு அந்த உடம்பு. கூலி கேட்டு ஊர்வலம் வந்தபோது, 1999 ஜூலை 23 அன்று, பட்டறையிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் உள்ள கொக்கிரகுளத்தில், ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். தாங்கும் உடம்பு என்று ஒன்று கிடையாது. தாங்குகிறதா என்று யாரும் கேட்காத உடம்பு உண்டு. பைபர் அண்ணன் உடம்புக்கும் அரிக்கத்தான் செய்தது. இருபது வருஷத்தில் அவர் சொறியாமல் இருக்கப் பழகியிருந்தார், அவ்வளவுதான்.

பம்பரை மாட்டிய நாளைச் சொல்கிறேன். அச்சு அளவு சரி, பம்பர் சரி, வண்டியில் வைத்தால் இடது பக்கம் அரை அங்குலம் தள்ளி நின்றது. டிங்கர்காரர், "ஒங்க பம்பர்தான் கோணல்" என்றார். அண்ணன் பதில் பேசவில்லை. ஒரு நூலை எடுத்து, வண்டி நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் அளந்தார். கோணல் வண்டியில் இருந்தது. ஐம்பது வருஷத்தில் எத்தனை இடி, எத்தனை டிங்கர் வேலை! போல்ட் போட்டுச் சேர்த்த வண்டி ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் கொஞ்சம் இடம் மாறியிருக்கும். திருப்பிப் போட்ட அட்டையில் பிறந்த பம்பர் மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. கோணல் வண்டிக்கு நேரான பம்பர் பொருந்தாது.

துளையை நீளவாக்கில் இழைத்தார். பட்டைக்கும் பம்பருக்கும் நடுவே ரப்பர் துண்டு, அகல வாஷர். துளை போடும்போது வெளிப்பக்கம் டேப் ஒட்டி, வெளியிலிருந்து உள்ளே போடணும். உள்ளிருந்து போட்டால் ஜெல்கோட் பொரிந்துவிடும். முன் மூடி கவிழும்போது பம்பரில் உரசுமா என்று பார்க்க, பீடிக்கட்டுக் காகிதத்தை நடுவில் பிடித்துக்கொண்டு என்னை மூடியை மெல்லச் சாய்க்கச் சொன்னார். காகிதம் கிழியாமல் வந்தது. போல்ட்டைக் கையால் இறுகும்வரை முறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று. அதுக்குமேல் இல்லை. வெள்ளிப் பெயிண்ட் அடித்து நிறுத்தினபோது டிங்கர்காரரே ரெண்டு தடவை சுற்றி வந்து பார்த்தார். பத்து நாள் வேலை.

இந்தப் பம்பர் இடி தாங்குமா என்று கேட்பீர்கள். தாங்காது. அமெரிக்காவில் மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் வண்டி கெடக் கூடாது என்று சட்டம் வந்ததால், எம்.ஜி. கம்பெனி 1974-ல் தன்னுடைய அழகான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தது. இன்றைக்கும் அந்த வண்டிக்காரர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டு குரோமியமோ பைபரோ மாட்டிக்கொள்கிறார்கள். பைபர் கனம் குறைவு, துரு ஏறாது, பார்க்க எடுப்பு. மோதினால் விரிசல் விடும். அழகுக்குத்தான் அது. அமெரிக்காவில் 1953-ல் செவர்லே கார்வெட் வந்தபோது அதன் முழு உடம்பும் பைபர். அந்த வருஷம் செய்த 300 வண்டியும் கிட்டத்தட்ட கைவேலைதான். எங்கள் ஊர்ப் பாய் லண்டன் போனதும் அதே 1953. பெங்களூரில் சிபானி கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் டால்பின் என்ற காரை முழுக்க பைபரில் விட்டது. மாருதிக்கு முன்னால் அது நிற்கவில்லை.

வண்டியை ஒப்படைக்க மெக்கானிக், அண்ணன், நான் மூணு பேர் போனோம். பாதையில் மெக்கானிக் என் ஊர் வழியாகவே ஓட்டினார். எங்கள் தெருப் பையன்கள் கூரையில்லாத காரின் பின்னாலேயே ஓடிவந்தார்கள். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்ததை அம்மை பார்த்துவிட்டு வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வீட்டில் வண்டிக்குப் பூசை போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சை, மூடிக்கு மாலை, சந்தனப் பொட்டு மூணு. மூணும் பம்பரில். பிறகு காப்பி வந்தது. மெக்கானிக்குத் திண்ணைக்கு மேலே, எவர்சில்வர் டம்ளரில். எங்களுக்கு வாசலிலேயே, பேப்பர் கப்பில். கப்பை என்ன செய்ய என்று நான் பார்த்தபோது, "அங்கன தூரப் போட்டுருங்கப்பா" என்றாள் வேலைக்காரம்மா. அந்தம்மாவும் எங்களைப் போலத்தான் இருக்கும்; குரலில் தெரிந்தது. ரெட்டை டம்ளர் என்றால் கேஸ் போடலாம், போராட்டம் நடத்தலாம். பேப்பர் கப் வந்த பிறகு எதைக் காட்டிக் கேஸ் போடுவது? சுத்தம் என்பார்கள். இதே சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1924-25-ல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையும் பந்தியில் உட்கார முடிந்தவர்களுக்கு இடையில்தான். குருகுலத்துக்குக் கல் சுமந்த சேரிக்காரனுக்கு எந்தப் பந்தி என்பது அப்போது கேள்வியாக வரவில்லை.

அண்ணன் காப்பியைக் குடிக்கவில்லை. கப்பைப் பம்பர் மேல் வைத்தார். சந்தனத்துக்குப் பக்கத்தில். வைத்துவிட்டு, "போல்டு ஒரு தடவ பாத்துருதேன், மொதலாளி" என்று குனிந்து, நிதானமாக நாலு போல்ட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் அதன்பின் படிப்பை முடித்து, இயக்க வேலைக்கு வந்துவிட்டேன். அண்ணன் அங்கேயே இருந்தார். 2021 ஜூலையில் பழைய வண்டிகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனிப் பதிவு. அந்தப் பெரிய வீட்டுப் பையனுக்கு அந்த ஆசை வந்துவிட்டது. கூரை நெல் போடுகிற அறையில் பத்திரமாக இருந்தது. போல்ட் போட்டு மாட்டியாயிற்று. இரும்புப் பம்பர் எங்கிருந்தோ வரவழைத்தார்கள். பைபர் பம்பர் 'டூப்ளிகேட்' என்று கழன்று பட்டறைக்குத் திரும்பி வந்தது. அண்ணன் போனில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். வெள்ளிப் பெயிண்ட் வெளுத்திருந்தது, ஜெல்கோட்டில் ஒரு கீறல் இல்லை. திருப்பிப் பார்த்தோம். உள்பக்கம் என் கையெழுத்து அப்படியே இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியின் மூல வடிவத்தில் எங்கள் பெயருக்கு இடம் இல்லை என்பது சட்டப்படி சரிதான்.

ஆனால் அன்றைக்கு எனக்குப் பெரிசாகப் பட்டது பம்பர் இல்லை, அண்ணனின் இருமல். பேசும்போது பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார். ரெசினில் மூணில் ஒரு பங்குக்குமேல் ஸ்டைரீன் இருக்கும். அந்த இனிப்பு நாற்றம் அதனுடையதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-ல் ஸ்டைரீனை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்ற 2ஏ வகையில் சேர்த்தது. பட்டறையில் யாருக்கும் இது தெரியாது. எப்படித் தெரியும்? டப்பாவில் மண்டையோடு படமும் இங்கிலீஷும்தான். கேட்டலிஸ்ட் என்கிற மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு தண்ணி மாதிரியே இருக்கும். அதைத் தண்ணி பாட்டிலிலேயே ஊற்றி வைத்திருந்தார்கள். கண்ணில் பட்டால் பார்வை போகும். நாவப்பழ நிறத்தில் கோபால்ட் இருக்கிறதே, அதுக்குப் பட்டறைப் பெயர் 'ஆக்ஸிலேட்டர்'. புதுப் பையன் ஒருத்தன் காரில் மிதிக்கிற ஆக்ஸிலேட்டர் என்று நினைத்துத் தேடப்போன கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ரெண்டையும் ரெசின் இல்லாமல் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும் என்பதைச் சொல்லும்போது மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் எட்டிப் பார்த்தது. 2020-ல் எழுதின புதுத் தொகுப்பு அதை இருபது ஆக்கிவிட்டது. பின்னால் சாய்ப்பில் நிற்கிற நாலு பேர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். சங்கம் கட்டலாம் என்று தோழர்கள் சொல்வார்கள். கட்டத்தான் வேண்டும். அதுக்கு முன்னால் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

எம்.ஏ. தமிழுக்கு ஒரு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பா, பாட்டில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தெரிந்த வேதியியல் ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து ரெண்டு நாளில் தமிழில் எழுதினேன். 'சுவாசப் பாதுகாப்புச் சாதனம்' என்று நான் எழுதினதை அண்ணன் வாசித்துப் பார்த்து, "இது எந்தக் கடைல கெடைக்கும்லே?" என்றார். அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: துணி மாஸ்க் தூசிக்குத்தான், நாத்தத்துக்கு ஆகாது, கரி டப்பா வச்ச மாஸ்க் போடு. கேட்டலிஸ்டைத் தண்ணி பாட்டிலில் ஊத்தாதே. கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணி ஊத்திக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடு. கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரா சேரக் கூடாது. மிச்ச ரெசினை மூடி வைக்காதே. பச்சைத் தண்ணியில் குளி. அண்ணன் கடைசியில் ஒன்று சேர்க்கச் சொன்னார்: மாத்தி மாத்தி நில்லுங்க, ஒரே ஆளு நிக்காதீங்க.

பெரிய எழுத்தில் அச்சடித்து, ரெண்டு பக்கமும் ரெசின் பூசினோம். மழைக்கும் வெயிலுக்கும் ஒன்றும் ஆகாது. இப்போது மூணு பட்டறையில் அந்த அட்டை தொங்குகிறது. நாலாவது பட்டறையில் எல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டு மாட்டலாம் என்றார்களாம். அண்ணன் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.